முப்பதாவது தாள்

சுவரில் மாட்டியிருந்த படத்தைக் கழற்ற முத்தாயம்மாள் ஸ்டூல் மேல் ஏறியதும் கீழே ஒப்பாரி பாதியில் நின்றது. புருஷன் சண்முகவேல் ஐஸ் பெட்டிக்குள் கிடக்கிறார், நாலு மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. இந்த நேரத்தில் இவளுக்கு என்ன வந்தது என்று வெண்ணந்தூரே வாயைப் பிளந்தது.

"அம்மா, எறங்குங்க. நான் எடுத்துத் தாரேன்" என்று மகள் அறிவுச்செல்வி ஓடி வந்தாள்.

வாசலில் சாமியானா நிழலில், செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் ஒரு பெண் நின்றிருந்தாள். பெயர் தேவிப்ரியா. ஓவியங்களைப் பார்த்து, அசலா போலியா, என்ன மதிப்பு என்று சொல்பவள். போன வாரம் அறிவுச்செல்விதான் பெங்களூரிலிருந்து வரச் சொல்லியிருந்தாள். அப்பா விடியற்காலையில் போய்விட்ட அமளியில், வர வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் நினைவு வரவில்லை. பந்தலைப் பார்த்துத் திரும்பப் போனவளை முத்தாயம்மாள்தான் நிறுத்தினாள்.

"எங்கூட்டுக்காரரு கேட்டுத்தானுங்க வந்திருக்கறீங்க. பாத்துப்போட்டே போங்க."

கல்யாணத்துக்கு முன் சண்முகவேல் சென்னையில் ஓர் அச்சுக்கூடத்தில் நாலு வருஷம் இருந்தவர். பெரிய ஓவியர் ஒருவர் கல்லில் வரைந்ததைத் தன் கையால் அச்சடித்ததாகவும், ஓவியரே கையெழுத்துப் போட்டு ஒன்றைக் கொடுத்ததாகவும் சொல்வார். மூன்று கறுப்புத் திட்டு, ஒரு சிவப்பு வட்டம். "தோசை தீஞ்சாப்பல இருக்குது. கையெழுத்தும் நீங்களே போட்டுக்கிட்டதுங்களா?" என்பாள் முத்தாயம்மாள். பிறகு முப்பது வருஷம் அவர் லாரி ஓட்டினார். கிளீனர் முதல் சம்பந்தி வரை எல்லோருக்கும் இந்தப் படம்தான் கேலி. அவரும் சேர்ந்து சிரித்துக்கொள்வார். படுக்கையில் விழுந்ததும் மகளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"நான் பொய் சொல்லலைன்னு உங்கம்மாட்ட ஒருத்தராவது சொல்லோணும் சாமி."

உள்ளறைக் கட்டிலில் வைத்து தேவிப்ரியா சட்டத்தின் பின் ஆணிகளைக் கழற்றி, தாளை வெளியே எடுத்தாள். லென்ஸை வைத்துப் பார்த்தாள். போலி என்றால் நாற்பது வருஷம் முத்தாயம்மாள் சொன்னது சரியாகிவிடும். தன் பேச்சு சரியாகிவிடக் கூடாதே என்று குலசாமியை வேண்டினாள்.

"அசல்தாம்மா" என்றாள் தேவிப்ரியா. "பென்சில் கையெழுத்து அவரோடதுதான். மூலையில மை இல்லாம அழுத்தின முத்திரை பாருங்க, அந்த அச்சுக்கூடத்தோடது. மொத்தமே முப்பதுதான் அடிச்சாங்க. அப்புறம் கல்லைத் தேய்ச்சு அழிச்சிடுவாங்க. இது முப்பதாவது தாள்."

லென்ஸ் மறுபடியும் கறுப்பின் மேல் நகர்ந்தது.

"எத்தனையோ பார்த்திருக்கேன். இந்தக் கறுப்பு ஒரு இடத்துலகூடக் கூடுதல் குறைச்சல் இல்ல. என்ன கை! வரைஞ்சவரைவிட அடிச்சவரைத்தாம்மா கும்பிடணும்."

"அடிச்சது ஆருன்னு அதுல இருக்குதுங்களா?"

"அவங்க பேரை எங்கேயும் போட மாட்டாங்க." தேவிப்ரியா தாளின் ஓரத்தைக் காட்டினாள். "ஒரே குறை, இங்க மை ஒட்டின கை பட்டிருக்கு. மதிப்பு குறையும். இப்படிப் பட்டா கிழிச்சுப் போட்டுடுவாங்க. ஓவியர் கையெழுத்துப் போட்டு வச்சிருக்காருன்னா, அடிச்சவர் மேல அவ்வளவு பிரியம் இருந்திருக்கணும்."

முத்தாயம்மாளுக்கு அந்தக் கறை பழக்கம்தான். கண்ணாடியில் ஒட்டியிருப்பதாக நினைத்து, ஒவ்வொரு பொங்கலுக்கும் ஈரத்துணியால் தேய்த்துத் தேய்த்துத் திட்டியிருக்கிறாள். படத்தைப் பற்றி ஊரெல்லாம் பெருமை அடித்த மனுஷன், அப்போது மட்டும் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார்.

லென்ஸை வாங்கிப் பார்த்தாள். கட்டைவிரல் ரேகை. அதன் குறுக்கே மை ஒட்டாத ஒரு வெள்ளைக் கோடு.

சின்ன வயதில் அவர் சோளத்தட்டு அறுக்கும்போது அரிவாள் இறங்கிய தழும்பு அது. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியைத் தடவிப் பார்க்கும் விரல். கண்ணை மூடிக்கொண்டே அவளால் அடையாளம் சொல்ல முடியும்.

எழுந்து கூடத்துக்கு வந்தாள். ஐஸ் பெட்டிக்குள் அவருடைய இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். கண்ணாடி மேல் குனிந்தாள்.

"அசலாமுங்க" என்றாள். "அடிச்ச கையக் கும்புடோணுமுன்னு அந்தம்மா சொல்லுது. நல்லாத்தானுங்க அடிச்சிருக்கறீங்க."

காலையிலிருந்து கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்திருந்தவள், இதைச் சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். சுற்றியிருந்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை, அவர்களும் சேர்ந்து அழுதார்கள்.

சொன்னபடி நாலு மணிக்கு எடுத்தார்கள். ஆண்கள் சுடுகாட்டுக்குப் போனதும் பக்கத்து வீட்டு ராமாயி குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வீட்டைக் கழுவினாள். அறிவுச்செல்வி திரும்ப மாட்டியிருந்த படத்தையும் அவள் விடவில்லை. துணியால் துடைத்தாள், நகத்தால் சுரண்டினாள்.

"ஏனுங்கக்கா, இந்த மூலையில ஒரு கறை. போவவே மாட்டேங்குதுங்க."

"அது போவாது சாமி, உடு" என்றாள் முத்தாயம்மாள்.

ராமாயி துணியைப் பிழிந்துகொண்டு ஜன்னலைத் துடைக்கப் போனாள்.