கர்ட் சரிசெய்த ஜாக்கிகள்

லைலும் அவர் மனைவியும் குடியிருந்த டிரெய்லர் வண்டிக்குள் யார் ஓரடி எடுத்து வைத்தாலும் போதும், அடியில் முட்டுக் கொடுத்திருந்த நான்கு ஜாக்கிகளும் கிரீச்சிட்டு ஊரைக் கூட்டும். அரிசோனாப் பாலைவனத்தில் குளிர்காலம் கழிக்க வந்த வயசாளிகளின் முகாம் அது. மரமில்லை, சுவரில்லை, ஒருத்தர் இருமினால் நாலு வண்டி தள்ளிக் கேட்கும். உன் கழுதை கத்தித்தான் நாங்கள் கண் விழிக்கிறோம் என்று பக்கத்து வண்டி கர்ட் தினமும் கேலி செய்வார். நாளைக்கு எண்ணெய் போடுகிறேன் என்று லைல் சிரித்து மழுப்புவார்.

போடவே மாட்டார். அந்தச் சத்தத்தை நம்பித்தான் அவர் இரவில் கண்ணை மூடித் தூங்கினார்.

அவர் மனைவி மார்ஜீன் மிச்சிகனில் தலைமையாசிரியையாக இருந்து ஒரு பள்ளிக்கூடத்தையே அதட்டி வைத்திருந்தவர். இப்போது மறதி நோய். பல நாள் நன்றாகத்தான் இருப்பார். சில நாள், வீட்டுக்குப் போகிறேன் என்று எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுவார். எந்தப் பக்கம் போனாலும் மணலும் முள்ளும்தான். வழி தவறினால் உயிருக்கு உத்தரவாதமில்லை. அவர் கட்டிலை விட்டுக் காலை ஊன்றியதும் ஜாக்கி கத்தும், லைல் எழுந்துவிடுவார். கதவில் ஒரு மணி கட்டிப் பார்த்தார். நான் என்ன பூனையா என்று கேட்டு மார்ஜீன் அதை அவிழ்த்து வீசிவிட்டார்.

வெளியே சொல்லவும் வழியில்லை. நோயின் பெயர் தெரிந்த அன்றைக்கே காரில் வைத்து மார்ஜீன் கேட்டுக்கொண்டார்: "யார்கிட்டயும் சொல்லிடாத லைல். என்னைப் பாவமா பாக்குற கண்ணை என்னால தாங்க முடியாது." லைல் சத்தியம் செய்துகொடுத்திருந்தார்.

கழிவுத் தொட்டியைக் காரில் கொண்டுபோய்க் காலி செய்துவிட்டுத் தண்ணீர் பிடித்து வரக் கணவன் மனைவி இருவரும் டவுனுக்குப் போயிருந்தபோதுதான் அது நடந்தது. பக்கத்து வண்டியில் ஒன்று பழுதென்றால் கேட்காமலே சரிசெய்து கொடுப்பது அந்த முகாமின் வழக்கம். நல்ல வழக்கம்தான், யார் குறை சொல்ல முடியும்? திரும்பி வந்தபோது கர்ட் முதுகெல்லாம் மண்ணாக டிரெய்லருக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தார். கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்தெடுத்து, திருகுகளுக்கும் மூட்டுகளுக்கும் ஸ்ப்ரே அடித்து, ஜாக்கியின் பாதங்களுக்கு அடியில் ரப்பர் விரித்திருந்தார்.

"கிரீஸ் போட்டா மணல் ஒட்டி அரைச்சிடும். இது காஞ்சுபோற ஸ்ப்ரே, சீசன் முடியிற வரைக்கும் சத்தம் வராது. ஏறிக் குதிச்சுப் பாருப்பா."

லைல் ஏறி நடந்தார். ஒரு முனகல்கூட இல்லை. இறங்கி வந்து நன்றி சொன்னார், வேறென்ன சொல்வார்? மார்ஜீன் கர்ட்டுக்கு ஒரு துண்டு சோள ரொட்டி கொடுத்து அனுப்பினார்.

கர்ட் போனதும் லைல் குனிந்து ஒரு பிடி மணலை அள்ளித் திருகின் மேல் போட்டார். காய்ந்த ஸ்ப்ரே அல்லவா, ஒட்டாமல் வழிந்து விழுந்தது. ஒரு ஜாக்கியைக் கொஞ்சம் தளர்த்தி வைத்தார். மறுநாள் காலை நடைக்கு வந்த கர்ட்டின் கண்ணில் பட்டுவிட்டது. அவரே குனிந்து இறுக்கிவிட்டுப் போனார். நல்ல மனுஷனிடம் மாட்டிக்கொண்டால் தப்பவே முடியாது.

அன்று இரவு முழுக்க லைல் கொட்டக் கொட்ட விழித்திருந்தார். அடுத்த நாள் மதியம் பீன்ஸ் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் தன்னையறியாமல் தூங்கிப்போனார். விழித்தபோது கட்டில் காலி. கதவு திறந்து கிடந்தது.

டிரெய்லரைச் சுற்றி ஓடினார், பெயரைச் சொல்லிக் கத்தினார். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஆளில்லை. கர்ட் வந்து, காலாற நடக்கப் போயிருப்பார், எதற்கு இத்தனை பதற்றம் என்றார். அக்கம்பக்கத்து வண்டிக்காரர்களும் கூடிவிட்டார்கள். வெயில் உச்சியில் நின்றது.

"அவளுக்கு மறதி நோய். எங்க போறோம்னே தெரியாம போயிடுவா. அந்த ஜாக்கி சத்தத்துலதான் நான் முழிச்சுக்குவேன். தயவுசெஞ்சு எல்லாரும் தேடுங்க."

கர்ட்டின் முகம் செத்துப்போனது. பிறகு கூட்டத்தின் தலைகள் ஒவ்வொன்றாகப் பின்பக்கம் திரும்பின.

மார்ஜீன் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று யாருக்கும் தெரியாது. தலை வாரி, சட்டைப் பொத்தான் ஒழுங்காகப் போட்டு, கையில் ஒரு கோப்பை நிறையக் காபித்தூள். கடைசி வண்டிக்காரியிடம் கடன் வாங்கப் போயிருந்தார். கண்கள் தெளிவாக இருந்தன. அன்றைக்கு எல்லாமே நினைவிருந்த நாள்.

"நீ அசந்து தூங்கிட்டிருந்த. காபி போட்டு எழுப்பலாம்னு போனேன்" என்றார். அப்புறம், அவருக்கு மட்டும் கேட்கும்படி, "சொல்லிட்டியே லைல்."

லைல் கோப்பையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார்.

மார்ஜீன் அதைக் கொடுக்காமல் டிரெய்லர் படியை நோக்கி நடந்தார். கர்ட் பதறி ஓடிவந்து, குழந்தையைத் தூக்கி ஏற்றுவதுபோல அவருடைய முழங்கையைத் தாங்கிக்கொண்டு, "பாத்து, பாத்து, மெதுவா" என்றார். மார்ஜீன் அந்தக் கையை உதறவில்லை.