கை மாறும் கிளாஸ்

அக்டோபர் மாத ஞாயிற்றுக்கிழமையில் எங்கள் காட்டுக் குடிலின் சமையலறைச் சன்னலில் நிற்கிறவளுக்கு நரகம் எப்படி இருக்கும் என்று பாதிரியார் வந்து சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் ஈரல் உருண்டை கொதிக்கிற அண்டா, மறுபக்கம் புளித்த முட்டைக்கோஸ் வேகிற சட்டி, எதிரே வாசல் வரைக்கும் வரிசை. மலை ஏறி வந்தவன் பசியோடு வருவான், பசியோடு வந்தவன் வாயாடுவான். இதற்குச் சம்பளமும் கிடையாது. நடைச் சங்கத்துக்காரர்கள் முறை வைத்துச் செய்கிறோம். அன்றைக்கு என் முறை, கூட ஹைட்ரூன். சாப்பாடு எனக்கு, கிளாஸ் அவளுக்கு. கிளாஸ் நிரப்புகிறவளுக்குச் சிரித்த முகம் வேண்டும். என் மூஞ்சியைப் பற்றி ஊரில் ஏற்கெனவே ஒரு தீர்ப்பு இருக்கிறது.

அன்றைக்கு எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. என் தம்பி எக்கார்டைக் காவல் காக்க வேண்டும்.

எக்கார்ட் குடிக்க ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவன். ஊருக்கு அது தெரியும், ஆனால் வைன் ஓடுகிற எங்கள் ஃபால்ஸ் சீமையில் இதெல்லாம் ஒரு செய்தியா? போன நவம்பரில் அவன் மனைவி உட்டே மகள் மெர்லேயைக் கூட்டிக்கொண்டு ரைன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். எனக்கு அவள்மேல் கோபமில்லை. நானாக இருந்தால் எப்போதோ போயிருப்பேன். போகும்போது ஒன்று சொன்னாள்: ஒரு வருடம் ஒரு சொட்டுத் தொடாமல் இருந்து காட்டு, மெர்லேயை ஞாயிற்றுக்கிழமைகளில் உன்னிடம் அனுப்புகிறேன், தொட்டால் அந்தப் பேச்சே இல்லை. எக்கார்ட் மருத்துவமனையில் போய்ப் படுத்தான். நடுங்கி, வியர்த்து, செத்துப் பிழைத்து வந்தான். அதன்பிறகு தொடவில்லை. வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் திராட்சைத் தோட்டம், கீழே நிலவறையில் அவனே பிழிந்த வைன், அவன் மேலே உட்கார்ந்து சோடா குடித்தான். மகளுக்கென்று சிவப்பு நிறத்தில் மலையேறும் பூட்ஸ் வாங்கி அலமாரியில் வைத்திருந்தான். காலின் அளவு சரியாகத் தெரியாததால் கொஞ்சம் பெரிதாகவே வாங்கியிருந்தான்.

ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. இடுப்பு வலி, வைத்தியத்துக்குப் போயிருக்கிறான் என்று சொல்லி வைத்தோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான். ஆனாலும் ஊர் நம்பிவிட்டது, ஏனென்றால் திராட்சைக் கொடியோடு மல்லுக்கட்டுகிற எவனுக்கும் இங்கே இடுப்பு நேராக இல்லை.

முந்தின நாள் சனிக்கிழமை எக்கார்ட் என் வீட்டுக்கு வந்தான். நாளைக்கு நானும் நடக்க வருகிறேன் என்றான். மருத்துவர் குடிலில் எல்லாரும் குடிக்கிற அந்த மேசைப் பக்கமே போகாதே என்று சொன்னது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

"அவனுங்க எல்லாரும் தடிய ஊனிக்கிட்டுக் காட்டுக்குப் போறத சன்னல் வழியாவே எத்தன நாள்க்கா பாத்துக்கிட்டிருப்பேன்? பைத்தியம் புடிச்சிரும்போல இருக்கு."

"அப்ப உன் கூட்டாளி ஒட்மார்கிட்டயாவது விஷயத்தச் சொல்லுடா."

"யாருகிட்டயும் சொல்லக் கூடாது. சொன்னா எல்லாரும் பாவம்னு பாப்பானுங்க. அதுக்கு நான் குடிச்சே செத்திருக்கலாம். நீ சொல்ல மாட்டேன்னு சொல்லு."

சொல்ல மாட்டேன் என்றேன். வேறென்ன சொல்வது? வெயிலில் நடந்துவிட்டு வந்து நாலு பேரோடு உட்கார்ந்து ரொட்டி தின்ன வேண்டும் என்று ஆசைப்படுகிறான். அதுகூடக் கூடாது என்று எந்த வாயால் சொல்வேன்? யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். வெள்ளைத் திராட்சைச் சாற்றில் சோடா கலந்தால், பார்ப்பதற்கு வைனில் சோடா கலந்தது மாதிரியேதான் இருக்கும். அதை எங்கள் குழிக் கிளாஸில் ஊற்றிக் கொடுத்துவிட்டால் எவனுக்குத் தெரியப் போகிறது? அரை லிட்டர் கிளாஸ், கொழுப்புக் கையில் வழுக்காமல் இருக்கச் சுற்றிலும் குழி குழியாக இருக்கும், உள்ளே இருப்பது பாதி தெரியாது. சொன்னதும் எக்கார்ட் என் கன்னத்தில் முத்தம் கொடுத்தான். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். பெரிய புத்திசாலி!

ஞாயிறு நல்ல வெயில். பாதையெல்லாம் செஸ்ட்நட் முள்காய்கள் வெடித்துக் கிடந்ததாக வந்தவர்கள் சொன்னார்கள். பாதிப் பேருடைய சட்டைப்பைகள் புடைத்திருந்தன. எக்கார்ட் ஒட்மாரின் கூட்டத்தோடு சிவந்த முகமாக உள்ளே வந்தான். அவனை அப்படிப் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று. இடுப்பு பாவம் என்று அவனைச் சுவரோரத்தில் சாய்ந்துகொள்ளும் இடத்தில் உட்கார வைத்தார்கள், யாரோ ஒருத்தி முதுகுக்குத் தன் கம்பளிச் சட்டையைச் சுருட்டிக் கொடுத்தாள். நான் துணிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த சாற்றுப் பாட்டிலை எடுத்து, ஹைட்ரூன் திரும்பி நின்ற நேரத்தில் கிளாஸை நிரப்பி, ஈரல் உருண்டைத் தட்டோடு அவனுக்கு நீட்டினேன். கண்ணைச் சிமிட்டிவிட்டு வாங்கிக்கொண்டு போனான்.

குடித்தான், ரொட்டியைப் பிய்த்தான், ஏதோ சொன்னான், மேசை முழுக்கச் சிரித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அண்டாவின் ஆவி என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் ஒட்மாரின் கை நீண்டது. ஒட்மார் எக்கார்டோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவன், ஆள் பீப்பாய் மாதிரி, மனசு தங்கம். அவன் பக்கத்துக் கிளாஸ் காலியாகிவிட்டது. அதனால் எக்கார்டின் கிளாஸை எடுத்தான். அவனிடம் கேட்கவில்லை. யாரும் கேட்க மாட்டார்கள். எங்கள் மேசையில் எவன் கிளாஸும் எவனுடையதும் இல்லை. ஒரு வாய் குடித்துப் பக்கத்தில் கொடுப்பது, அவன் குடித்து அவன் பக்கத்தில் கொடுப்பது, தெரியாதவன் வந்து உட்கார்ந்தாலும் அவனுக்கும் கொடுப்பது. வாங்க மாட்டேன் என்பவன் எங்களோடு உட்காரமாட்டேன் என்கிறான் என்று அர்த்தம். பதினாறு வயதிலிருந்து அந்த மேசையில் நானும் குடித்திருக்கிறேன். நிறம் யோசித்தேன், குழி யோசித்தேன், பாட்டிலை ஒளிக்கிற துணியைக்கூட யோசித்தேன். இது மட்டும் என் மண்டையில் ஏறவே இல்லை. மூச்சு விடுவதை யாராவது யோசிப்பார்களா?

ஒட்மார் குடித்தான். முகம் சுளித்தான். கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். அப்புறம் எழுந்து நேராகச் சன்னலுக்கு வந்தான். கோபமில்லை, நண்பனுக்கு அநியாயம் நடந்துவிட்டதே என்கிற வருத்தம்தான் அவனுக்கு.

"ரோஸ்விதா, உனக்குக் கண்ணு போச்சா? இவ்வளவு நாள் கழிச்சு வந்திருக்கான், அவனுக்குப் போய்ப் பிள்ளைங்க குடிக்கிறதக் குடுத்திருக்கியே."

என் இரண்டு கையிலும் சூடான தட்டு. முன்னால் வரிசை. அவனே கேட்டான், வை அதை என்றேன். மாத்திரை சாப்பிடுகிறான், இடுப்புக்கு, வைன் ஆகாது என்றேன். பொய் சொல்லும்போது என் குரல் கீச்சென்று ஏறும்.

"மாத்திரையா? நான் வருஷக்கணக்கா ரத்தக்கொதிப்பு மாத்திரைய ரீஸ்லிங் வைன ஊத்திதான் முழுங்குறேன். பாரு, எப்படி இருக்கேன்னு."

வரிசை சிரித்தது. ஒட்மார் சாற்றைத் தொட்டியில் கொட்டினான். ஹைட்ரூன் சிரித்த முகத்தோடு கிளாஸை வாங்கி ரீஸ்லிங்கை விளிம்புவரை ஊற்றி, சோடாவை மேலே லேசாகக் காட்டினாள். நம்ம எக்கார்டுக்கு வீட்டில் ஊற்றுகிற அளவு, குறைவாக ஊற்றினால் என்னைத் திட்டுவான் என்றாள். நான் தட்டுகளை வைத்துவிட்டு எட்டி அந்தக் கிளாஸைப் பிடிப்பதற்குள் அது ஒட்மாரின் கையில் மேசைக்குப் போய்விட்டது.

அவன் அதை எக்கார்டின் முன்னால் வைத்தான். முதல் வாய் அவனுக்கு என்று எல்லாருக்கும் சொன்னான். மேசையில் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்கள். அன்பாகத்தான் பார்த்தார்கள், அந்தக் கண்களை என்ன செய்வது? எக்கார்ட் கிளாஸைப் பார்த்தான். அப்புறம் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம், வேண்டாம் என்று. அவன் கை கிளாஸைச் சுற்றிக்கொண்டது. குழியில் விரல்கள் தாமாகப் போய்ப் பொருந்தின.

வெண்ணெய் திரண்டு வருகிற நேரத்தில் தாழி உடைகிறது, நான் சும்மா பார்த்துக்கொண்டு நிற்கிறேன். கொடுத்த வாக்கு ஒரு பக்கம், அலமாரியில் அந்தச் சிவப்பு பூட்ஸ் ஒரு பக்கம். வாக்கு நாசமாகப் போகட்டும் என்று கத்தினேன்.

"அவனுக்குக் குடுக்காதீங்க. அவன் குடிகாரன். குடிச்சா மக வரமாட்டா."

குடில் முழுக்கத் தலைகள் என் பக்கம் திரும்பின. அப்பாடா, கேட்டுவிட்டது என்று நினைத்தேன்.

"நாங்க மட்டும் யாராம் ரோஸ்விதா?" என்றான் ஒட்மார், கையை விரித்து மேசை மொத்தத்தையும் காட்டி.

கூரை அதிரச் சிரித்தார்கள். எங்கள் ஊரில் பிரியமானவனைத்தான் இப்படித் திட்டுவோம். பன்றி என்போம், திருடன் என்போம், குடிகாரன் என்பது கொஞ்சல். அதிலும் இந்தக் குடிலில் வாரா வாரம் எல்லாரையும் வைது தீர்க்கிறவள் நான். என் வாயிலிருந்து வந்த உண்மையை யார் உண்மை என்று எடுப்பார்கள்? குடிச்சா இடுப்பு நேராகிடும் என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான், நாங்கள் சொல்லி வைத்த பொய் என் தம்பியின் தோளைத் தட்டிக்கொண்டு நின்றது.

எக்கார்டும் சிரித்தான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவர்களோடு சேர்ந்து, அவர்களைப் போலவே சிரித்துக்கொண்டு கிளாஸைத் தூக்கினான். முதல் வாய் குடித்தான். எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். அவனுக்குப் பக்கத்தில், கம்பளிச் சட்டை கொடுத்தவள், அடுத்த வாய்க்குக் கையை நீட்டினாள். கிளாஸ் வரவில்லை. அவன் இரண்டாவது வாய் குடித்தான், மூன்றாவதும். அவள் கை கொஞ்ச நேரம் மேசைமேல் காத்திருந்துவிட்டு மடிக்குத் திரும்பிப் போனது. அவள் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது, ஆனால் இனிமேல் புரிந்து என்ன?

கொஞ்ச நேரத்தில் அவனே காலிக் கிளாஸோடு சன்னலுக்கு வந்தான். இடுப்பு பாவம் என்று வரிசை அவனுக்கு வழிவிட்டது. முகத்தில் சிரிப்பு போயிருந்தது.

"சொல்ல மாட்டேன்னு சொன்னியேக்கா," என்றான், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்குப் போகலாம் வா, நான் கூட வருகிறேன், இப்பவே போகலாம், இந்த அண்டா கிடக்கட்டும் என்றேன். அவன் கையை உதறவில்லை. மற்றக் கையால் கிளாஸை ஹைட்ரூன் பக்கம் நகர்த்தினான். அவள் அதை எடுத்து, விளிம்புவரை ஊற்றி, சோடாவை லேசாகக் காட்டி, சிரித்த முகத்தோடு அவனிடம் கொடுத்தாள். வாங்கிக்கொள்ள என் பிடியிலிருந்து கையை மெதுவாக உருவிக்கொண்டான்.

அவனுக்குப் பின்னால் நின்றவர் ஈரல் உருண்டை இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அவருக்கு இரண்டு தட்டு எடுத்து வைத்தேன்.