கற்பிப்பவர் பெயர்

வீட்டுக் கல்விக்கு அனுமதி கொடுக்கும் அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்து சேர்ந்தது காலை பத்து மணிக்கு. அவளுக்கு ஆத்திரம் வந்தது பத்து ஐந்துக்கு. அந்த ஐந்து நிமிடம் வரைக்கும் அவள் வீட்டுக்கு வந்தவரை வரவேற்று, மின்விசிறியைப் போட்டு, தண்ணீர் கொடுக்கிற நல்ல மனுஷியாகத்தான் இருந்தாள்.

விடிகாலையிலிருந்து ஓயாத ஓட்டம். மூன்று பிள்ளைகளையும் குளிக்க வைத்து, சமையலறை மேஜையைத் துடைத்து, நோட்டுகளை வரிசையாக அடுக்கி, கொண்டைக்கடலையை ஊறவைத்து, ரொட்டிக்கு மாவு பிசைந்து ஈரத்துணி போட்டு மூடியாகிவிட்டது. அதிகாரி வருகிறார் என்பதற்காகச் செய்ததில்லை. ஆறு வருஷமாகத் தினமும் இதுதான். பெரியவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த முதல் வருஷம், அறுபது பிள்ளைகள் இருந்த வகுப்பில் அது வாயைத் திறப்பதையே நிறுத்திவிட்டது. வீட்டுக்கு வந்தும் பேசாது. அன்றைக்கு நிறுத்திக் கூட்டிவந்து, ஒரு தட்டில் மாவைப் பரப்பி, விரலால் எழுதிப் பழக்கி, எழுத்தையும் பேச்சையும் சேர்த்தே திரும்பக் கொண்டுவந்தவள் அவள். இப்போது பெரியவளுக்குப் பன்னிரண்டு வயது. நடுவுலவனுக்கு ஒன்பது. குட்டிக்கு ஆறு. மூவரும் அந்த மேஜையில்தான் படித்தார்கள், அவள் அடுப்புக்கும் மேஜைக்கும் நடுவில் நின்றுகொண்டு பாடம் நடத்துவாள்.

அந்த வீட்டில் மணி அடிப்பது குக்கர்தான். முதல் விசில் வந்தால் எழுதுவதை முடிக்க வேண்டும். மூன்றாவது விசிலுக்குக் கணக்கு நோட்டை மூடிவிட்டு அடுத்த பாடத்துக்கு எழுந்திருக்க வேண்டும். பின்னத்தை டம்ளரில் அளந்து படித்தார்கள், சூட்டையும் ஆவியையும் மூடியைத் திறந்து பார்த்துப் படித்தார்கள். கேட்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். அவளுக்கு அது மூச்சு விடுவது மாதிரி.

இதில் அவள் கணவருக்கு என்ன பங்கு என்று கேட்டால், ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு 'அறிவியல் பரிசோதனை' என்று கால அட்டவணையில் அவர் கையால் எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பரிசோதனையை இதுவரைக்கும் யாரும் பார்த்ததில்லை. குளியலறை ஓடு விற்கிற கடையில் மேனேஜர், வீட்டிலும் அவருக்கு அதுதான் பேர். கெட்டவரில்லை. பிள்ளைகள் என்றால் உயிர். ஆனால் ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று பரிமாறுகிற ரகம். கடைக்கு ஓடு பார்க்க வருகிறவரிடம்கூட, "எங்க வீட்ல பசங்களுக்கு நானே சொல்லிக் குடுக்கிறேன் சார்" என்று ஆரம்பித்துவிடுவார்.

பத்து ஐந்துக்கு அதிகாரி கோப்பைத் திறந்தார். ஐம்பது வயதிருக்கும் அம்மாள், கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற பழக்கம். சத்தமாகவே படித்தார்.

"கற்பிப்பவர் பெயர்…" என்று மேனேஜரின் பெயரைச் சொல்லி நிமிர்ந்தார். "நீங்கதானே?"

"ஆமா மேடம்."

"உதவி, மனைவி. தகுதி, ஒண்ணுமில்ல. தொழில், இல்லத்தரசி."

அவள் கையிலிருந்த தண்ணீர்ச் செம்பு அப்படியே நின்றது. படிவத்தை மேனேஜர்தான் கடைக் கம்ப்யூட்டரில் நிரப்பி அனுப்பினார். பாடத்திட்டம் வேண்டும் என்று அவளுடைய நோட்டைத்தான் வாங்கிக்கொண்டு போனார். 'சமையல் வழியாகக் கணக்கும் அறிவியலும்' என்று அவள் வருஷக்கணக்காக எழுதி வைத்திருந்தது முழுக்க வரி மாறாமல் அதில் இருந்தது, அவர் பெயருக்குக் கீழே. வேதியியலில் பட்டம் வாங்கி, நாலு வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவளுக்குத் தகுதி ஒன்றுமில்லையாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். ஆளையே மறைப்பார்கள் என்று இப்போதுதான் தெரிந்தது.

அவரை ஓரமாக இழுத்துக்கொண்டு போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். "என்னங்க இது?"

"கத்தாத. நீ வேலைக்குப் போகல, சம்பளம் இல்ல. உன் பேரைப் போட்டா ஆயிரம் கேள்வி கேப்பாங்க. காரியம் ஆகணும்ல? பேர் யாருக்கு இருந்தா என்ன?"

"பேர் யாருக்கு இருந்தாலும் ஒண்ணுதான்னா, என் பேரையே போட்டிருக்கலாமே!"

பதில் வருவதற்குள் அதிகாரி கூப்பிட்டுவிட்டார். இன்றைய பாடம் வழக்கம்போல நடக்க வேண்டும், படிவத்தில் இருக்கிற ஆசிரியர்தான் நடத்த வேண்டும், மற்றவர்கள் அறையில் இருக்கக் கூடாது. "நீங்க கொஞ்ச நேரம் வெளிய இருங்கம்மா" என்று அவளைப் பார்த்துச் சொன்னார். அவளுடைய சமையலறையிலிருந்து அவளை வெளியே போகச் சொன்னார்!

போனாள். வேறென்ன செய்வது? இன்றைக்குக் கையெழுத்து விழாவிட்டால் பிள்ளைகள் மூவரும் வருகிற பருவத்திலேயே பள்ளிக்கூடம் போக வேண்டும். பெரியவளின் வாய் மறுபடியும் பூட்டிக்கொள்ளுமோ என்கிற பயம் ஒன்றுதான் அவள் கோபத்தைக் கழுத்தோடு பிடித்து நிறுத்தியிருந்தது. துணி காயப்போடுகிற பின்பக்கத்து மாடத்துக்குப் போய், சமையலறை ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஈரத் துணிகளை ஒவ்வொன்றாக உதறினாள். உதறிய உதறலில் தலையணை உறை ஒன்று தையல் விட்டுப் போனது.

உள்ளே மேனேஜர் தொண்டையைக் கனைத்தார். "பசங்களா, இன்னிக்கு… என்ன பாடம்?"

"பின்னம்பா" என்றான் நடுவுலவன். "கடலை ஒண்ணேகால் டம்ளர் இருக்கு. ஒரு டம்ளருக்கு ரெண்டரை டம்ளர் தண்ணி. அப்ப ஒண்ணேகாலுக்கு எவ்வளவுன்னு நீங்க கேக்கணும்."

"சரி, எவ்வளவு?"

"மூணே அரைக்கால்."

"அது என்னடா அரைக்கால் முக்கால்னு? அவ்வளவு தண்ணி எதுக்கு, குழைஞ்சிடும். ஒரு டம்ளர் ஊத்து, போதும்."

மாடத்தில் நின்றவள் கண்ணை மூடிக்கொண்டாள். சொன்ன விடை சரி. சரியான விடையைச் சொன்ன பிள்ளையைத் தப்பு என்று சொல்லிவிட்டு, மனுஷர் எவ்வளவு தைரியமாக அடுப்பைப் பற்ற வைக்கிறார்! உப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் மூன்று அலமாரியைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. "அப்பா, அது உங்க கைக்குக் கீழதான் இருக்கு" என்று குட்டி சொன்னது. அதிகாரி ஏதோ எழுதினார்.

நியாயத்தைச் சொல்ல வேண்டும், நடுவில் ஒரு பத்து நிமிடம் நன்றாகவே போனது. ஓடு பதிக்கிற கணக்குக்குத் தாவினார் மேனேஜர். இந்தத் தரைக்கு எத்தனை ஓடு, சுவரோரம் எப்படி வெட்டுவது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னதைப் பிள்ளைகள் ஆசையாகக் கேட்டார்கள். இதைத்தானே இத்தனை வருஷமாக ஞாயிற்றுக்கிழமை செய்யச் சொன்னாள்? அது தெரிந்ததும் அவளுக்குக் கோபம் இன்னும் ஒரு படி ஏறியது.

அப்புறம் குக்கர் கூவியது. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது விசிலுக்கு மூவரும் சொல்லி வைத்ததுபோல நோட்டை மூடிவிட்டு எழுந்தார்கள்.

"எங்க எந்திரிக்கிறீங்க? நான் இன்னும் முடிக்கலையே!"

"மூணு விசில் ஆச்சேப்பா" என்றது குட்டி. மேனேஜர் திருதிருவென்று விழித்தார். அதிகாரியின் பேனா நின்றுவிட்டது. தினமும் பாடம் நடத்துகிறவருக்குத் தன் வீட்டு மணியே தெரியவில்லை என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். அடுப்பைச் சிறிதாக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியவில்லை. குக்கர் பாட்டுக்குக் கூவிக்கொண்டே இருந்தது, கொஞ்ச நேரத்தில் கருகல் வாடை ஜன்னல் வழியாக மாடத்துக்கே வந்தது. "இந்த அடுப்பே சரியில்ல மேடம்" என்றார் அவர். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

அதிகாரி அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டுப் பெரியவளைக் கூப்பிட்டார். குரல் கொஞ்சம் தணிந்திருந்தது. "பயப்படாம சொல்லும்மா. உங்களுக்கு யாரு பாடம் சொல்லிக் குடுக்கிறாங்க?"

பெரியவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அப்பாதான் மேடம். அம்மாவுக்குச் சமையல்தான்."

அதிகாரி தலையை ஆட்டிவிட்டுப் பேனாவை எடுத்தார். அவ்வளவுதான், இனி கையெழுத்து விழப் போகிறது. காரியம் ஆகிவிட்டது. பேசாமல் இருந்தால் போதும் என்று அவளுக்குத் தெரியும். மேனேஜர் மறைத்ததை அவள் விழுங்கியிருப்பாள், ஆறு வருஷம் விழுங்கியது போல. ஆனால் அந்தப் பிள்ளையின் வாயை அவளல்லவா திறந்தாள்! திறந்த வாயிலிருந்து வந்தது இதுவா? ஈரப் போர்வையைக் கொடியில் போட்டாளா தரையில் போட்டாளா என்றுகூடப் பார்க்காமல் உள்ளே வந்தாள்.

"மேடம், அந்தப் படிவத்துல இருக்கிறது பொய். பாடம் நடத்துறது நான்."

"நீ வெளிய போ" என்று மேனேஜர் கண்ணாலேயே கெஞ்சினார்.

அதிகாரி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "தப்பான தகவல் குடுத்திருந்தா விண்ணப்பமே ரத்தாகும். தெரிஞ்சுதான் பேசுறீங்களா?"

"தெரிஞ்சுதான் பேசுறேன். பட்டம் வாங்கின சான்றிதழ் இருக்கு, நாலு வருஷம் வேலை பார்த்த கடிதம் இருக்கு. அதெல்லாம் வேண்டாம், இதைப் பாருங்க." குக்கரின் ஆவி போனதும் மூடியைத் திறந்து, அடிப்பிடித்த கடலையை மேஜை மேல் வைத்தாள். "ஏன்டா கருகிச்சு?"

"தண்ணி இருக்கிற வரைக்கும் கொதிக்கிற சூட்டுக்கு மேல ஏறாதும்மா" என்றான் நடுவுலவன். "தண்ணி பூரா ஆவியாப் போயிடுச்சு. அப்புறம் பாத்திரத்தோட சூடு ஏறிக்கிட்டே போகும்."

"குக்கர்ல தண்ணி கொதிக்கிற சூடும் திறந்த பாத்திரத்துல கொதிக்கிற சூடும் ஒண்ணா?"

"இல்லம்மா, குக்கர்ல ஜாஸ்தி. உள்ள அழுத்தம் இருக்குல்ல?" என்றது குட்டி. வாயில் ஒரு கருகாத கடலை இருந்தது.

அதிகாரி சிரிக்கவில்லை. குக்கருக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கோப்பை மூடினார். "பிள்ளைங்க நல்லாப் படிச்சிருக்காங்க. ஆனா இந்த விண்ணப்பத்துல என்னால கையெழுத்துப் போட முடியாது. உங்க பேர்ல புதுசாப் போடுங்க, ரெண்டு வாரத்துக்குள்ள. கிடைக்கும்னு என்னால வாக்குக் குடுக்க முடியாது. ஒருதரம் பொய் எழுதின வீடுன்னு கோப்புல இருக்கும்." வாசல் வரைக்கும் போனவர் திரும்பி, "ரெண்டு நிமிஷம் முன்னாடி வரைக்கும் நான் கையெழுத்துப் போடுறதா இருந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கதவு சாத்தியதுதான் தாமதம், மேனேஜர் வெடித்தார். "ஒரு பேருக்காகப் பசங்க படிப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே! பொண்ணு எவ்வளவு அழகாச் சொன்னா! நீ வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா எல்லாம் முடிஞ்சிருக்கும்!"

"அவ அழகாச் சொன்னாளே, அதுக்குத்தான் வந்தேன்! நீங்க எழுதினதைக்கூடப் பொறுத்திருப்பேன். பன்னெண்டு வயசுப் பிள்ளையைப் பொய் சொல்லப் பழக்கியிருக்கீங்களே, அப்பான்னு சொல்லிக்க வெக்கமா இல்ல?"

"நானா?" மேனேஜரின் முகத்தில் இருந்த கோபம் போய்க் குழப்பம் வந்தது. "சத்தியமா நான் ஒரு வார்த்தை சொல்லிக் குடுக்கல."

"பொய்க்கு மேல பொய்!"

"அப்பா ஒண்ணும் சொல்லலம்மா." பெரியவள் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் தெளிவாக இருந்தது. "யாரும் சொல்லிக் குடுக்கல."

"அப்புறம் ஏன்டி அப்படிச் சொன்னே? அம்மாவுக்குச் சமையல்தான்னு யாருடி உனக்குச் சொன்னா?"

"நீதாம்மா." பெரியவள் மூக்கை உறிஞ்சினாள். "போன மாசம் அத்தை வந்திருந்தாங்கள்ல. அப்பா, நான்தான் பசங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறேன்னு சொன்னாங்க. நீ டீயைக் குடுத்துட்டு நின்னே. அத்தை உன்கிட்ட, அப்ப உனக்கு என்னதாம்மா வேலைன்னு கேட்டாங்க. எனக்கென்ன அண்ணி, சமையல்தான்னு நீ சிரிச்சுக்கிட்டே சொன்னே. அதனால வெளிய யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்லணும் போலன்னு நினைச்சேன். எனக்கு அது பொய்னே தோணலம்மா."

மேனேஜரைத் திட்டுவதற்கென்று அவள் சேர்த்து வைத்திருந்தது அத்தனையும் அப்படியே மிச்சமிருந்தது. அதை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுப் பெரியவளுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு நான் பொய் சொன்னேன்" என்றாள்.