கழுத்தில் கட்டிய டியூப்

காலை பதினோரு மணிக்குள் இருபத்திரண்டு பஸ் கழுவி வெளியே போயாக வேண்டும். பத்தாவது பஸ்ஸின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்த அண்ணன் திடீரென்று தண்ணீர் அடிக்கிற கன்னைக் கீழே போட்டுவிட்டு இடது கையை உதறினான்.

“என்னண்ணே?”

“ஒண்ணுமில்ல. எறும்பு கடிச்ச மாதிரி சுருக்குனுச்சு.”

ரப்பர் கையுறையைக் கழற்றிக் காட்டினான். ஆள்காட்டி விரலின் அடியில் ஒரு புள்ளி. பேனா முனையால் தொட்டது போல. ரத்தம்கூட வரவில்லை.

“இதுக்கா கன்னைப் போட்டே? சின்னப் புள்ளயாட்டம்” என்று சிரித்தேன். சிரித்தேன்தான். மறைத்து என்ன ஆகப்போகிறது.

டிப்போவில் பஸ் கழுவுவது அண்ணன் தங்கச்சி எங்கள் இரண்டு பேர் வேலை. நான் தேய்ப்பேன், அண்ணன் பிரஷர் மிஷினால் சோப்புத் தண்ணீர் அடிப்பான். ஆள் ஒல்லி, நெட்டை. ஒட்டடைக்குச்சி என்று கூப்பிட்டால்தான் டிப்போவில் அவனைத் தெரியும்.

மிஷினிலிருந்து வரும் ஹோஸ், கன்னோடு சேருகிற பித்தளைக் கழுத்தில் போன வாரம் தண்ணீர் கசிந்தது. மெக்கானிக் வந்து உள்ளே இருந்த ரப்பர் வளையத்தை மாற்றினார். பழையது நசுங்கி ஒரு பக்கம் பிய்ந்திருந்தது. மாற்றியும் கசிவு நிற்கவில்லை. கழுத்துக்கு நாலு விரல் கீழே டார்ச் அடித்துப் பார்த்தார். கையால் தொடவில்லை. அதை அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும்.

“வளையம் மட்டுமில்ல, ஹோஸே போச்சு. தோல் உரிஞ்சு உள்ள கம்பி தெரியுது பாரு. ஹோஸைப் புடிச்சு மிஷினை நாயாட்டம் இழுத்துட்டுப் போறீங்க. வேலை முடிஞ்சா கழுத்தை மடக்கி ஆணியில மாட்டுறீங்க. வேற என்ன ஆகும்? புதுசு வர்ற வரைக்கும் இதை ஓட்டாதீங்க.”

அவர் ஓட்டாதே என்றார். மேஸ்திரி ஓட்டு என்றார். ஸ்டோரில் புது ஹோஸ் இல்லை. நான் பழைய சைக்கிள் டியூபை நீளமாகக் கிழித்து, பல்லைக் கடித்து இழுத்து, தோல் உரிந்த இடத்தில் மூணு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டேன். டிப்போவில் எது ஒழுகினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். என் கட்டு அவிழ்ந்ததே கிடையாது. அதற்கப்புறம் ஒரு சொட்டு வரவில்லை. “மெக்கானிக்கை வீட்டுக்கு அனுப்பிட்டு உன்னையே வச்சுக்கலாம் போலிருக்கே” என்றார் மேஸ்திரி. எனக்குத் தலை கால் புரியவில்லை.

சோப்புக் கையில் பித்தளை வழுக்கும். டியூப் சுற்றிய இடம் மெத்தென்று, பிடிக்க வாகாக இருந்தது. அண்ணன் ஒரு வாரமாக அங்கேதான் பிடித்தான்.

பதினோராவது பஸ்ஸை முடித்தோம். எனக்குத் தேய்க்கக் கை ஓடவில்லை.

“கையைக் காட்டு.”

“ஏன், ஜோசியம் பாக்கப் போறியா? வேலையப் பாரு.”

பன்னிரண்டாவதில் கன்னை வலது கையில் மட்டும் பிடித்துக்கொண்டான். பதிமூணாவதில் இடது கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். பக்கெட்டை வைத்துவிட்டுப் போய்க் கையுறையை நானே உருவினேன். விரல் வீங்கி, வெளுத்து, மெழுகு மாதிரி இருந்தது. புள்ளி அப்படியே இருந்தது.

“வலிக்குதா?”

“வலியில்ல. மரத்த மாதிரி இருக்கு. அதான் ஒரு மாதிரியா இருக்கு.”

மிஷினை அணைத்தேன். கன்னை அழுத்தி உள்ளே மிச்சமிருந்த அழுத்தத்தை இறக்கிவிட்டுக் கத்தியால் டியூபை அறுத்தேன். மூணு சுற்றிலும் நேராக ஒரே ஓட்டை, ஊசி நுழைகிற அளவுக்கு. கையுறையிலும் அதே ஓட்டை. நான் கட்டியதில் கசிவு நிற்கவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் போயிருந்தது, அவ்வளவுதான்.

நான் போட்ட சத்தத்தில் மெக்கானிக் ஓடிவந்தார். விரலைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

“எப்ப பட்டுச்சு?”

“முக்கால் மணி நேரம் இருக்கும்.”

“சோப்பு கலந்து ஓடுச்சா?”

“ஆமா.”

“இது குத்தினது இல்லம்மா. ஊசி போட்ட மாதிரி சோப்புத் தண்ணியை உள்ள ஏத்தியிருக்கு. எதுவரைக்கும் போச்சுன்னு வெளியே தெரியாது. விரலே போயிடும், ஓடுங்க. மருந்து தடவி அனுப்பினா நகராதீங்க.”

“இன்னும் ஒன்பது பஸ் நிக்குதே” என்றார் மேஸ்திரி.

“நீங்க கழுவுங்க” என்றேன். நான் அறுத்த டியூபையும் சோப்புக் கேனையும் எடுத்துக்கொண்டு அண்ணனை ஆட்டோவில் தள்ளினேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் எட்டிப் பார்த்தாள். “முள்ளு குத்துச்சா? டோக்கன் எடுத்துட்டு உக்காருங்க.”

முன்னால் முப்பது பேர்.

“உக்காரேன். எல்லாரும் காத்துக்கிட்டுதானே இருக்காங்க” என்றான் அண்ணன். அடங்கிப் போவதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. அந்த விரலை மடியில் வைத்து, யாரோ கொடுத்துவிட்டுப் போன சாமானைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னால் உட்கார முடியவில்லை. மேசைக்குப் போனேன், விரட்டினார்கள். மறுபடி போனேன், விரட்டினார்கள். மூணாவது தடவை உள்ளேயிருந்து டாக்டர் வெளியே வந்தார். வழியை மறித்து டியூபை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

“பஸ்ஸில ஒட்டின தாரை உரிக்கிற மிஷின் டாக்டர். இந்த ரப்பர் மூணு சுத்து. அதைத் துளைச்சு, கையுறையைத் துளைச்சு எங்கண்ணன் கைக்குள்ள போயிருக்கு. இந்தாங்க, இந்த சோப்புதான்.”

அவர் டியூபை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கேனில் எழுதியிருந்ததைப் படித்தார். நேராக அண்ணனிடம் போய் விரலை லேசாக நிமிர்த்தினார். அதுவரை கல் மாதிரி இருந்தவன் கூடமே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறினான்.

“யாரு இப்படிக் கட்டினது?”

“நான்தான் சார்” என்றான் அண்ணன், அந்த வலியிலும்.

“பொய் டாக்டர். நான்தான் கட்டினேன்.”

“யாரு வேணா கட்டியிருங்க. எத்தனை மணிக்குப் பட்டுச்சு, அதைச் சொல்லுங்க.”

சொன்னேன். அதற்கப்புறம் எல்லாரும் ஓடினார்கள்.

ஆபரேஷனில் உள்ளங்கையிலிருந்து விரல் நுனிவரை திறந்து கழுவினார்களாம். சோப்பு மணிக்கட்டுக்குப் பக்கம்வரை போயிருந்ததாம். “கை பிழைச்சுது. விரலைப் பத்தி இப்ப சொல்ல முடியாது” என்றார் டாக்டர்.

கட்டுக்கு வெளியே விரல் நுனி மட்டும் தெரிந்தது. நகத்தை அழுத்தினால் வெளுக்கும், விட்டதும் எண்ணு, மூணுக்குள் சிவப்பு திரும்பணும் என்று நர்ஸ் செய்து காட்டினாள். மணிக்கு ஒரு தடவை போதும் என்றாள். நான் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அழுத்தினேன்.

“ஏய், அது என்ன காலிங் பெல்லா?” என்றான் அண்ணன், கண்ணைத் திறக்காமலே. “உள்ள ஆள் இருந்தா வரமாட்டாங்களா?”

“நீ தூங்கு.”

“அண்ணிகிட்ட நீ எதுவும் உளறிடாத. கட்டினதப் பத்தி.”

“நான் சொல்லிக்கிறேன். நீ தூங்கு.”

அழுத்தினேன். விட்டேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. நாலில்தான் ஓரமாகச் சிவப்பு ஏறியது. முதலில் பார்த்தபோது ஆறாக இருந்தது. மூணுக்கு வரும்வரை நான் எழுந்திருப்பதாக இல்லை.