இரண்டு தலைக்கு ஊறிய வெந்தயம்

புத்தூருக்குக் கிழக்கே உள்ள ஊரில் செங்கம்மா தன் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டால், திருத்தணிப் பக்கம் வாழ்க்கைப்பட்ட அவள் மகள் தாட்சாயணியின் காதோரம் எண்ணெய் வழியும். கல்யாணமான புதிதிலேயே இது தெரிந்துவிட்டது. மகளின் மாமியார் தலையணை உறையைத் துவைத்துத் துவைத்துப் பார்த்துவிட்டு, பெண் எடுத்த வீட்டு வாகு அப்படி என்று விட்டுவிட்டாள். தாய்க்கும் மகளுக்கும் ஒரே சுருட்டை முடி. ஒரு சுருளைப் பிடித்து இழுத்துவிட்டால் துள்ளிக்கொண்டு பழைய இடத்தில் போய் உட்காரும்.

அப்படிப்பட்ட முடியைக் கட்டிக் காப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. காய்ந்த தலையில் சீப்பே வைக்கக் கூடாது. முதல்நாள் ஊறப்போட்ட வெந்தயத்தை மைய அரைத்து, செம்பருத்தி இலையைக் கசக்கிய வழவழப்போடு பூசி, சீயக்காய் தேய்த்து, ஆறிய வடிகஞ்சியில் அலசி, தண்ணீர் சொட்டச் சொட்ட நுனியிலிருந்து விரலாலேயே சிக்கெடுத்துக்கொண்டு மேலே வர வேண்டும். துண்டால் அடித்துத் துவட்டினால் போச்சு, தலை வைக்கோல்போர் ஆகிவிடும். பழைய வேட்டியில் சுற்றி நிழலில் ஆறவிட வேண்டும். தாட்சாயணி போன வீட்டிலோ எல்லாருக்கும் படிந்த முடி. வறண்ட தலையில் பேன்சீப்பைப் போட்டு இழுக்கிற வீடு. அங்கே மாமியார் இழுத்தால் இங்கே செங்கம்மாவுக்கு உயிர் போய் உயிர் வரும். அடுப்படியில் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, எழுந்து தன் தலையை நனைத்து நிதானமாகச் சிக்கெடுப்பாள். அங்கே மகளின் சிக்கு தானாகப் பிரியும்.

ஆந்திர மாநிலம் உண்டாகி, எந்த ஊர் யாருக்கு என்று இழுபறி நடந்த காலம் அது. வீட்டில் என்ன பாஷை பேசுகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். சந்தைக்கும் தாலுக்கா ஆபீசுக்கும் தெலுங்கிலேயே போய்வந்த பழக்கத்தில், செங்கம்மாவின் புருஷன் முனிரத்தினம் "தெலுங்கு" என்று சொல்லிவைத்தார். மருமகன் தாமோதரனோ மெட்ராஸோடு சேரவேண்டும் என்று ரயில் மறிக்கப் போனவன். மாமனார் வீட்டுக்கு வந்து, ஊர் கூடியிருக்கையில், "பெத்த தாய் பாஷைய வித்துத் துன்றவன்யா நீ" என்று கேட்டுவிட்டான். முனிரத்தினத்துக்குக் கண்மண் தெரியவில்லை. அம்மன் கோயில் வாசலில் கற்பூரம் ஏற்றி, இனி இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து, பேச்சுவார்த்தை இருந்தால், யாராவது இங்கத்திய சேதியை அங்கே கொண்டுபோனால், என் மகள் உயிரோடு இருக்கக் கூடாது என்று கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார். வேறு எதன்மேலாவது சத்தியம் செய்திருக்கலாம் மனுஷர். ஊரார் அன்றோடு வாயைக் கட்டிக்கொண்டார்கள். ஒரு பெண்ணின் உயிரை வைத்து யார் விளையாடுவார்கள்? தலைமயிரைப் பற்றி மட்டும் அவர் எதுவும் சொல்லவில்லை.

அதனால் தாயும் மகளும் தலைமயிரில் பேசிக்கொண்டார்கள். நான் நன்றாயிருக்கிறேன் என்றால் தாட்சாயணி பிடரியில் ஒரு சுருளில் முடிச்சுப் போடுவாள். செங்கம்மா தன் பிடரியில் அதைத் தடவிக் கண்டு அவிழ்ப்பாள். அவிழ்ந்தால் தாய்க்குத் தெரிந்துவிட்டது என்று மகள் எடுத்துக்கொள்வாள். அறுபதில் எல்லையைத் தீர்த்தார்கள். மகள் ஊர் மெட்ராஸுக்குப் போனது, தாய் ஊர் சித்தூரோடு நின்றது. முடிச்சு வழக்கம்போல வந்துகொண்டிருந்தது.

அடுத்த வருஷம் தாட்சாயணிக்குப் பேறுகாலம். ஒருநாள் செங்கம்மாவின் தலை திடீரென்று வியர்வையில் தொப்பலாகி, கொதித்தது. மகளுக்கு ஜன்னி என்று புரிந்துவிட்டது. போக முடியாது, ஆள் அனுப்ப முடியாது. இந்தப் பக்கத்தில் காய்ச்சல் என்றால் கஷாயத்துக்கு முன்னால் வாயில் வருவது முடிகாணிக்கைதான். "ஏழுமலையானே, எம் பொண்ண காப்பாத்திக் குடு, எம் முடிய உனுக்குத் தரேன்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் எதைத் தருவதாகச் சொன்னோம் என்று உறைத்தது. விடிவதற்குள் தலை குளிர்ந்தது. பிடரியில் முடிச்சும் விழுந்தது.

வேண்டுதலைச் செங்கம்மா தள்ளிப்போட்டாள். இந்த அறுவடை ஆகட்டும், அடுத்த புரட்டாசி வரட்டும் என்றாள். அப்புறம் கொத்துக்கொத்தாக முடி உதிர ஆரம்பித்தது. இங்கே உதிர்ந்தால் அங்கேயும் உதிர்கிறது என்று அவளுக்குத் தெரியும். பக்கத்துவீட்டு வள்ளி, "நேந்துக்கினத குடுக்காம வச்சிக்கினு இருந்தா அவரு சும்மா இருப்பாரா? முடிய கேக்கறாரு. அப்பால வேற எத்தனா கேட்டா இன்னா பண்ணுவே?" என்றாள். அந்த வேற எத்தனா மகளின் உயிர்தான் என்று செங்கம்மாவுக்குப் பட்டது. வைகாசியில் திருப்பதிக்குக் கிளம்பினாள். மலையேறும் முன் பிடரியில் ஒரு முடிச்சுப் போட்டாள். போய்வருகிறேன் என்று சொல்ல அவர்களுக்குள் தனி முடிச்சு கிடையாது. கொஞ்சநேரத்தில் அது அவிழ்ந்தது. அம்மா நன்றாக இருக்கிறாள் என்று மகள் நினைத்துக்கொண்டாள்.

முடி இறக்கும் கல்யாணக்கட்டையில் நாவிதர் தலையை நனைத்து, "இன்னாம்மா இது, ரெண்டு ஆளு முடி கனம் கீது" என்றார். செங்கம்மா வாய்விட்டு அழுதாள். சாமிக்குக் கொடுக்கும்போது அழக் கூடாதும்மா என்று பக்கத்தில் இருந்தவர்கள் தேற்றினார்கள்.

களத்தில் வேர்க்கடலை காயவைத்துக்கொண்டிருந்த தாட்சாயணியின் முடி அதே நேரம் மொத்தமாகக் கீழே விழுந்தது. அந்தத் தெருவில் மொட்டைத் தலை அதிசயம் இல்லை. "எப்ப போய்க்கினு வந்தே? லட்டு எங்கே?" என்றுதான் கேட்டார்கள். அவளுக்கோ ஒரே ஒரு எண்ணம். அம்மா போய்விட்டாள். மார்மாரென்று அடித்துக்கொண்டு களத்திலேயே புரண்டாள். சாவுக்குப் போனாலும் சத்தியம் சத்தியம்தான் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். செங்கம்மா உயிரோடிருப்பது தெரிந்தவர்கள் இரண்டொருவர் அந்த ஊரில் இருந்தார்கள். அவர்களும் தாட்சாயணியின் உயிருக்குப் பயந்து தலையைக் குனிந்துகொண்டார்கள். தாமோதரன் குளத்தங்கரையில் காரியத்துக்கு ஏற்பாடு செய்தான்.

இரண்டு தலையிலும் முடி முளைத்தது. படிந்த முடியாக முளைத்தது. செங்கம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் வெந்தயம் அரைத்துப் பூசினாள். அது அவள் தலையிலேயே காய்ந்தது, பிடரியில் முடிச்சு விழவில்லை. மகள் இருக்கிறாளா, இல்லையா? திருத்தணி பஸ்ஸில் இறங்குகிறவர்களின் முகத்தை முகத்தைப் பார்ப்பாள், ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். பாதி உடம்பாகிவிட்டாள்.

மறு வைகாசியில், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் படுத்திருந்தவளுக்கு வாயில் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு ருசித்தது. கூடவே உளுந்து வடை, அதன்மேல் வெற்றிலை பாக்கு. வயிறு நிறைந்து ஏப்பம் வந்தது. வள்ளியைக் கூப்பிட்டுச் சொன்னாள். வள்ளி அவள் கையை மோந்துபார்த்தாள். குழம்பு வாசனை அடித்தது.

"அடி பாவி, இது செத்தவங்களுக்குப் போடற படையலாச்சே. உனக்கு யாரு போட்டது?"

செங்கம்மா எழுந்து உட்கார்ந்தாள். பிறகு சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள்.

"நான் செத்துட்டேன்னு எம் பொண்ணு படைக்கிறா வள்ளி. அப்ப அவ உசுரோட கீறா."

அதன்பின் வைகாசியில் அந்த நாளில் அவள் வீட்டில் உலை வைப்பதில்லை. குளித்து, நல்ல புடவை கட்டி, சுவரோரம் உட்கார்ந்து காத்திருப்பாள். மத்தியானத்துக்கு மேல் வரும். ஒரு வருஷம் உப்புத் தூக்கலாக இருந்தது, மகள் யாரோடோ சண்டை போட்டுக்கொண்டு சமைத்திருக்கிறாள் என்று கவலைப்பட்டாள். வேறொரு வருஷம் வடை கைமாறித் தெரிந்தது, பிறந்தது பேத்திதான், வடை தட்டுமளவுக்கு வளர்ந்துவிட்டாள் என்று வள்ளியிடம் பெருமை பேசினாள். முனிரத்தினம் போய்ச் சேர்ந்தார். சத்தியத்தை அவிழ்த்துவிடாமலே போனார்.

பிறகு ஒரு மார்கழியில் செங்கம்மா உண்மையிலேயே செத்தாள். வள்ளிதான் குளிப்பாட்டினாள். மகளுக்குச் சொல்லி அனுப்ப வழியில்லை. வைகாசி வந்ததும் தாட்சாயணி எப்போதும்போல இலை போட்டு, குழம்பு ஊற்றி, கற்பூரம் காட்டி விழுந்து கும்பிட்டாள். அந்தப் படையலும் அம்மாவுக்குப் போய்ச் சேர்ந்தது.