கர்த்தருக்குச் சித்தமானால் ஆறு மாதம்

ரெஜிஷாவுக்கு நார்வேஜிய மொழியில் மற்றதெல்லாம் ஓரளவு பிடிபட்டுவிட்டது. காலம்தான் பிடிபடவில்லை. நடந்துகொண்டிருக்கும் இரண்டு வருடத்துக்கு ஒரு சொல், இனி வரப்போகிற இரண்டு வருடத்துக்கு வேறு சொல், இரண்டு வருடமாக ஒன்று நடக்கவே இல்லை என்றால் அதற்கும் தனியாக ஒரு சொல். நடக்காத காரியத்துக்குக்கூடச் சொல் ஒதுக்கி வைத்திருக்கிற ஜனங்களை நினைத்தாலே அவளுக்குக் கொட்டாவி வந்தது. நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி முடித்து, பஸ் பிடித்துத் தோவாளையில் இறங்கி, மகள் ஜெஸ்மியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு படிக்கிற மொழி அது. எப்படி ஏறும்?

கேள்வி கேட்பது கணவன் ஞானதாசன். ஆரல்வாய்மொழியில் காற்றாலைக் கோபுரத்தில் ஏறி வேலை பார்த்தவன். முதுகில் அடிபட்ட பிறகு வீட்டு வாசல்படி ஏறுவதே அவனுக்குப் பெரும்பாடு. கட்டிலில் மல்லாந்து படுத்து, நெஞ்சின்மேல் அட்டைகளை அடுக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுப்பான். ஒருபுறம் தமிழ், மறுபுறம் நார்வேஜியன்.

“மூணு நாளைக்குப் பொறவு வருவேன். சொல்லு.”

சொன்னாள்.

“தப்பு. வரப்போற காலம்லா, ‘ஓம்’ எங்கட்டி?”

பக்கத்து வீட்டு நேசம்மாள் ஒருநாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, “வேதக்கார வீட்டுல காலம்பறயே என்ன மக்கா ஓம் ஓம்னு?” என்று கேட்டுவிட்டாள். ஞானதாசன் முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அந்த வீட்டில் அவன் சிரித்து வெகுநாளாகியிருந்தது.

இந்த வேலை கிடைத்தே ஆகவேண்டும். நார்வேயில் பெர்கன் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லம். முதல்முறை நேர்முகத் தேர்வில் கைக்கு வந்த வேலையை அவளே வாயால் கெடுத்துக்கொண்டாள். எப்போது சேர முடியும்? கர்த்தருக்குச் சித்தமானால் ஜனவரியில். எத்தனை வருடம் இருப்பீர்கள்? கர்த்தருக்குச் சித்தமானால் பத்து வருடம். அவள் பிறந்த வீட்டில் நாளைக்குச் சந்தைக்குப் போவதைக்கூட அப்படிச் சொல்லாமல் ஒருவரும் சொன்னதில்லை. கல்யாணக் கார்டில் முதல் வரியே அதுதான். அதைச் சுத்தமான நார்வேஜியனில், ஒரு பிழையில்லாமல், கேள்விக்குக் கேள்வி சொல்லிவைத்தாள். வருவதில் அந்தப் பெண்ணுக்கே உறுதியில்லை என்று அவர்கள் தள்ளிவிட்டார்கள்.

வேலைக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரி ஃபோனில் காய்ச்சி எடுத்தாள். “இன்னொரு சான்ஸ் வாங்கித் தாறேன் சிஸ்டர். இந்தத் தடவ கர்த்தர கொஞ்சம் வெளிய நிக்கச் சொல்லுங்க.”

அதே ஃபோனில்தான் அவள் இன்னொன்றும் சொன்னாள். குடும்பத்தை அழைத்துக்கொள்ள எப்படியும் இரண்டு வருடம் ஆகும். தேர்வில் கேட்டால் இழுக்காமல் அதைச் சொல்லிவிட வேண்டும்.

அன்று சாயங்காலம் ஞானதாசன் கேட்டான். “நானும் பிள்ளையும் எப்ப வரலாம்னு ஏதாவது சொன்னாளா?”

டியூட்டிக்குக் கிளம்பித் தலைசீவிக்கொண்டிருந்தவள் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள்.

“கர்த்தருக்குச் சித்தமானா ஆறு மாசத்துல வந்துருவீங்க.”

அவனை ஏமாற்ற வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. உண்மையைச் சொல்லி, அவன் முகம் வாடுவதைப் பார்த்து, தேற்றி, தானும் அழுது, அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய் விடியவிடிய நிற்கத் தெம்பில்லை. அவனோ அன்றிலிருந்து ஜெஸ்மிக்கு என்ன அளவு ஸ்வெட்டர் வாங்குவது என்று பேச ஆரம்பித்தான். பனியில் நடந்தால் முதுகுக்கு ஆகுமா என்றுகூட டாக்டரிடம் கேட்டுவிட்டு வந்தான். ஒவ்வொரு நாளும் சொல்லிவிடலாம் என்று நினைப்பாள். ஒவ்வொரு நாளும் தூக்கம் முந்திக்கொள்ளும்.

இரண்டாவது தேர்வு ஒரு வியாழக்கிழமை மதியம் நடந்தது. அந்த வீட்டில் நெட் ஒழுங்காகக் கிடைப்பது படுக்கையறை ஜன்னலோரம் மட்டும். லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தாள். கேமராவில் விழாதபடி கட்டிலில் ஞானதாசன் படுத்திருந்தான். கண்ணாடி போட்ட ஒரு நார்வே அம்மாள் நிதானமாகக் கேட்டாள். ரெஜிஷாவும் நிதானமாகச் சொன்னாள். எப்போது சேர முடியும்? ஜனவரியில். எத்தனை வருடம் இருப்பீர்கள்? பத்து வருடம். ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் அந்த வார்த்தை தொண்டை வரை வந்தது. எச்சிலோடு சேர்த்து விழுங்கினாள்.

குடும்பம் எப்போது வரும்?

“ஓம் டூ ஓர்,” என்றாள். இரண்டு வருடம் கழித்து. சொன்ன பிறகுதான் கட்டிலின் நினைப்பு வந்தது. அதற்குள் அந்த அம்மாள் சிரித்து, வாழ்த்துச் சொல்லி, மற்றதை ஏஜென்சி பார்த்துக்கொள்ளும் என்று கையசைத்துவிட்டாள்.

லேப்டாப்பை மூடிவிட்டுத் திரும்பினாள். ஞானதாசன் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ரெண்டு வருஷமா?” என்றான்.

“இல்ல, அவங்க கேட்டதுக்கு...”

“எட்டு மாசமா நாந்தானே கேள்வி கேட்டுக் குடுத்தேன். எனக்கு வெளங்காதா?”

அவள் லேப்டாப் வயரைச் சுற்ற ஆரம்பித்தாள்.

“அவங்ககிட்ட நேரா சொல்லிட்ட. எங்கிட்ட சொல்லதுக்கு மட்டும்தான் உனக்குக் கர்த்தர் வேண்டியிருந்து, என்ன?”

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருக்கலாம். சாதாரணமாகத்தான் சொன்னான். அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். உடம்பு முழுவதும் வலித்தது. “எனக்கு வய்யங்க, தெம்பே இல்ல. அன்னைக்கும் வய்யாமத்தான் அப்படிச் சொன்னேன்,” என்றாள். தன் காதால் கேட்டபோது அவளுக்கே அது காரணமாகத் தோன்றவில்லை.

அவன் அட்டைக் கட்டை எடுத்து நெஞ்சின்மேல் வைத்தான். எழுதாத அட்டை ஒன்றை உருவினான்.

“இதச் சொல்லு. ரெண்டு வருஷமா அவளப் பாக்கல்ல.”

சொன்னாள். நடக்காத காலத்துக்கான அந்தச் சொல்லை, இத்தனை நாள் தப்பாகவே போட்டுக்கொண்டிருந்ததை, இன்றைக்குச் சரியான இடத்தில் போட்டுச் சொன்னாள்.

சரியாகச் சொன்னால் “சரி” என்று அட்டையைக் கீழே போடுவது அவன் வழக்கம். அவள் காத்திருந்தாள். அவன் அட்டையைக் கீழே போடவில்லை.