அரை நொடிப் பசி

அந்தத் தகடு வெட்டும் பிரஸ்ஸுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு, கண்ணுகளா. சும்மா நிற்கையில் பூனை. வெட்டும் தலை இறங்கும் அரை நொடிக்கு மட்டும் யானைப் பசி. அத்தனை கரண்ட்டை ஒரே மூச்சில் கொடுக்க அதன் சப்ளைப் பெட்டிக்குத் தெம்பில்லை. பெட்டி துவண்டதும் விளக்கு சிமிட்டும், தலை பாதியில் நிற்கும், தகட்டைப் பிடித்திருந்த காந்தம் விட்டுவிடும். தகடு வீணாகாமலிருக்கச் சட்டென்று கையை உள்ளே விட்டு அமுக்கிக்கொள்வது அங்கே எல்லோருக்கும் வழக்கம். பெட்டி தெம்பாகி எழுந்தால் தலை மிச்ச தூரமும் இறங்கிவிடும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அதில் நின்றவர் அந்தப் பட்டறை எலக்ட்ரீஷியனின் அக்கா புருஷன். அன்று காலை அவருடைய நடுவிரல் நகம் பிய்ந்து தகட்டோடு போனது. துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி நின்றார்.

எலக்ட்ரீஷியன் புதுப் பெட்டியோடு ஓடி வந்தான். அது ஐந்து நொடிவரை தன் அளவைப்போல் ஒன்றரை மடங்கு கரண்ட் கொடுத்துத் தாங்கும்.

“பத்து நிமிஷம் நிறுத்துங்க மேஸ்திரி, மாட்டிடறேன்.”

“மத்தியானம் லாரி வருது. நகம்தானே? முளைக்கும்.”

“அடுத்தது விரல். அது முளைக்குமா?”

“உன் மச்சான் என்ன, மோதிரம் போட்டுக்கவா போறாரு?”

அவன் மெயின் சுவிட்சை இறக்கினான். மேஸ்திரி அவன் பிடரியைப் பிடித்து முகத்தை இரும்புத் தூணில் மோதினார். மூக்கு நெறுக்கென்று உடைந்தது. விழுந்தவனின் விலாவில் இரண்டு உதை. சுவிட்ச் ஏறியது. பிரஸ் உறுமியது, விளக்கு சிமிட்டியது, மச்சானின் கை உள்ளே போனது.

“கைய எடுங்க மச்சான்!”

எடுத்தார். ரத்தத் துணி மட்டும் உள்ளே நசுங்கியது.

எலக்ட்ரீஷியன் தவழ்ந்துபோய்ச் சுத்தியலை எடுத்தான். மேஸ்திரி தலையை மறைத்துக்கொண்டார். அடி அவர்மேல் விழவில்லை. பழைய பெட்டியின்மேல் விழுந்தது. பொறி பறந்தது. மூன்றாவது அடியில் அதன் வயிறு பிளந்து கம்பிகள் குடலாய்த் தொங்கின. பிரஸ் செத்தது.

“இப்ப லாரியில எதை ஏத்துவீங்க?”

மேஸ்திரி விட்ட அறையில் ஒரு பல் ஆடியது. ஆனாலும் சுவிட்சை அவரே இறக்கினார், வேறு வழி? ரத்தம் சொட்டச் சொட்ட அவன் புதுப் பெட்டியை மாட்டினான். தலை இறங்கியது. விளக்கு அசையவில்லை, தகடு நகரவில்லை. மச்சானின் கை மட்டும் பழக்கதோஷத்தில் பாதி தூரம் போய்த் திரும்பியது.

“நாளையிலேர்ந்து உனக்கு இங்க வேலை இல்ல” என்றார் மேஸ்திரி.

“தெரியும்.” அவன் பல்லைத் துப்பிவிட்டுத் திரும்பினான். “மச்சான், நான் படியில விழுந்துட்டேன்னு அக்காகிட்ட சொல்லிடுங்க.”

“சொல்றேன். இந்த மூக்குக்கு எத்தனை படின்னு கேப்பாளே, மாப்ள?”